ஸ்கூட்டர் லோன்: 10 சதவீதம் ஃப்ளாட், 15 சதவீதம் ரெட்யூசிங். எது குறைவு?

ஓட்டேரி மீனா

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஓட்டேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்வர வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர மணி பதினொன்று தாண்டிவிடுகிறது. அதனால் ஸ்கூட்டர் எடுக்கலாம் என்று 30,000 சேர்த்து வைத்திருக்கிறேன். மீதி 80,000 லோன்.

ஷோரூமில் இருந்தவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: "10 சதவீதம் ஃப்ளாட், 24 மாதம், மாதம் 4,000." பிராசஸிங், டாக்குமெண்ட் என்று 3,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொள்வார்களாம். கூட வேலை செய்யும் அக்கா, தன் வங்கியில் 15 சதவீதம் ரெட்யூசிங், தனிக் கட்டணம் எதுவும் இல்லை என்கிறார். பத்தைவிடப் பதினைந்து குறைவு என்றும் அவரே சொல்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.

இன்னொன்று. கிரெடிட் கார்டு லிமிட் 40,000. தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு 36,000 தேய்த்தேன். ஐந்து மாதமாக மினிமம் டியூவை, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். முதல் மாதம் 1,800 வந்தது, இப்போதும் கிட்டத்தட்ட அதேதான். பாக்கி குறைந்த மாதிரியே தெரியவில்லை. கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்துப் போடும் சிபில் ஸ்கோர் 688 காட்டுகிறது. ஒழுங்காகக் கட்டுகிறவளுக்கு ஏன் 688?

கொளத்தூர் குமார்

அக்கா சொன்னதுதான் சரி, வங்கிக்கே போங்கள். கார்டை இன்றைக்கே கத்தரிக்கோலால் வெட்டிப் போடுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை

கார்டை வெட்டினால் பிளாஸ்டிக்தான் போகும் தம்பி, பாக்கி அப்படியே நிற்கும்.

மீனாம்மா, நான் 22 வருஷம் சௌகார்பேட்டையில் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் கணக்கு எழுதினவன். தண்டல் கணக்கும் அதில் உண்டு. பத்தாயிரம் கேட்டால் கையில் 8,500 கொடுப்போம், தினம் 100 ரூபாய், நூறு நாள். வாங்குகிறவர்கள் "வட்டி ஆயிரத்து ஐந்நூறுதானே" என்பார்கள். அதையே நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட பத்து ரூபாய் வட்டி. பணம் தினமும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறதே, முழுப் பத்தாயிரம் அவர்களிடம் ஒரு நாள்கூட இருந்ததில்லையே. நான் செய்த பாவத்தில் இது ஒன்று, போகட்டும்.

உங்கள் ஷோரூம் சீட்டும் அதே கணக்குதான், சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. ஃப்ளாட் என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி. 80,000-க்கு வருஷம் 8,000, இரண்டு வருஷத்துக்கு 16,000 என்று போட்டு, 96,000-ஐ 24-ஆல் வகுத்திருக்கிறார்கள். ஆனால் மாதாமாதம் அசலும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? இரண்டு வருஷத்துக்கும் சராசரி பார்த்தால் உங்களிடம் இருக்கும் அவர்கள் பணம் 44,000 தேறும். அந்த 44,000-க்கு வருஷம் 8,000 வட்டி என்றால் 18 சதவீதம், நம் பேச்சில் ஒன்றரை ரூபாய் வட்டி. முதலில் பிடிக்கும் 3,000-ஐயும் சேர்த்தால் 22 சதவீதத்தைத் தொடும். வங்கியின் 15 சதவீதம் ரெட்யூசிங் என்பது, குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் போடும் ஒன்றேகால் ரூபாய் வட்டி. அதில் மாதம் 3,879 வரும், மொத்த வட்டி சுமார் 13,100.

இப்படி எல்லாக் கட்டணத்தையும் வட்டிக்குள் கொண்டுவந்து வருஷத்துக்குச் சொல்வதற்குப் பெயர்தான் ஏபிஆர். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, அதைப் போட்டு கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் போட்ட விதிமுறைகள் குறைந்தது மூன்று வேலை நாளுக்குச் செல்லுபடியாகும், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கலாம்.

ஆனால் இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஸ்கூட்டர் இல்லை, அந்தக் கார்டு. ஸ்டேட்மெண்டைத் திருப்பிப் பாருங்கள், மாத வட்டி எவ்வளவு போட்டிருக்கிறது?

ஓட்டேரி மீனா

3.5 சதவீதம் என்று இருக்கிறது ஐயா. வருஷத்துக்கா மாதத்துக்கா என்று இப்போதுதான் பார்த்தேன். மாதத்துக்கு.

பழைய கணக்குப்பிள்ளை

அப்படியானால் 36,000-க்கு ஒரு மாத வட்டி 1,260. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 226 ரூபாய் 80 காசு. நீங்கள் கட்டிய 1,800-ல் அசலுக்குப் போனது 313 ரூபாய் சொச்சம். வரியோடு நான்கு ரூபாய் வட்டி, கொஞ்சம் அதிகமாகவே. வீட்டில் 30,000-ஐ வைத்துக்கொண்டு நான்கு ரூபாய் வட்டிக்குக் கடன்காரியாக இருக்கிறீர்களே அம்மா! எங்கள் முதலாளி பார்த்திருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பார்.

பாக்கி முழுதும் தீரும்வரை அந்தக் கார்டில் எதையும் வாங்காதீர்கள். பாக்கி இருக்கும்போது நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

சிபிலுக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மினிமம் கட்டியதால் தாமதம் என்று விழுந்திருக்காது. ஆனால் 40,000 லிமிட்டில் 36,000 நிரம்பி நின்றால், இவளுக்குப் பண முடை என்று தெரிந்துவிடும். லிமிட்டில் எத்தனை பங்கைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதை யூட்டிலைசேஷன் என்கிறார்கள். முப்பது சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. அடைத்த பிறகு கார்டை மூடிவிடவும் வேண்டாம், சும்மா கிடக்கட்டும்.

வியாசர்பாடி டேவிட்

சிபில் ரிப்போர்ட்டை முழுதாக வாசித்துப் பாருங்கள் சிஸ்டர், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்தால் ஸ்கோர் குறையாது. என் ரிப்போர்ட்டில் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானின் லோன் இருந்தது. அவன் மூன்று மாதம் கட்டாததும் என் பெயரில் இருந்தது! கல்யாண வீட்டில் போட்ட கையெழுத்து, இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்புறம், வண்டி லோன் முடிந்ததும் கடன் கொடுத்தவரிடம் பாக்கி இல்லை என்ற என்ஓசி, ஃபார்ம் 35 வாங்கி, வண்டி கடனுக்கு ஈடு என்று ஆர்சி புத்தகத்தில் இருக்கும் ஹைப்போதிகேஷன் பதிவை ரத்து செய்துவிடுங்கள். நான் செய்யாமல் விட்டு, வண்டியை விற்கும்போது நாக்கு தள்ளிவிட்டது.

ஓட்டேரி மீனா

ஷோரூமுக்கு ஃபோன் செய்து கேஎஃப்எஸ் கேட்டேன். "அதெல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகு மெயிலில் வரும் மேடம், இந்த மாத ஆஃபர் போய்விடும்" என்றார். வைத்துவிட்டேன்.

28,000 கார்டில் கட்டிவிட்டேன். மீதியைத் தீபாவளி போனஸில் முடிப்பேன். அதுவரை பஸ்தான். ஐயா, ஒரு சந்தேகம்: எனக்குச் சம்பளம் ஏழாம் தேதி. வங்கியில் ஐந்தாம் தேதி இஎம்ஐ என்கிறார்கள். இரண்டு நாள்தானே?

பழைய கணக்குப்பிள்ளை

அந்த இரண்டு நாளில்தான் கணக்கில் பணம் இல்லாமல் இஎம்ஐ பவுன்ஸ் ஆகும். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், ரிப்போர்ட்டில் தாமதம் என்றும் விழலாம். பத்தாம் தேதி கேளுங்கள். தண்டல் பையனே சம்பளப் பட்டுவாடா பார்த்துத்தான் வருவான்.