தென்தீவு மலையேற்றத்துக்கு இலகுவான துப்பாக்கிக் கட்டை: வால்நட்டா, கார்பன் இழையா?

நீடாமங்கலம்–தென்தீவு:
காவிரிப் படுகை நண்பர்களுக்கு வணக்கம். நான் நீடாமங்கலத்துக்காரன், இப்போது நியூசிலாந்தின் தென்தீவில் வேலை பார்க்கிறேன். இங்கே உரிமம் பெற்று மலைப்பகுதியில் வேட்டைக்குச் செல்கிறேன். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரெமிங்டன் 700. தொலைநோக்கியோடு நிறுத்தால் 4 கிலோ வருகிறது. அதில் குழலைத் தாங்கித் தோளில் பதியும் வால்நட் மரக் கட்டை மட்டும் 1,150 கிராம். குழலை மாற்றாமல், கட்டையை மட்டும் என் உடலளவுக்குப் புதிதாகச் செய்துதர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நுரை நிரப்பிய கார்பன் இழைக் கட்டை என்றால் 650 கிராம், இளைத்துச் செதுக்கிய வால்நட் என்றால் 950 கிராம் என்கிறார்.

அப்பாவிடம் உரிமத்தோடு ஒரு .315 துப்பாக்கி இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் வாங்கி வருவார். ஒருமுறை கார்த்திகை அடைமழையில் திரும்பி வந்தபோது, கட்டையின் முன்பகுதி ஊதிக் குழலோடு ஒட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அதனால் எனக்கு மரத்தின்மேல் ஆசையும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. நம் ஊர்ப் பலா மரத்தில் செய்துகொள்ளலாமா என்றும் ஒரு நினைப்பு உண்டு. மரவேலையும் படைக்கலமும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

குடந்தை மரவேலை:
தம்பி, முதலில் பலாவை மறந்துவிடுங்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாவை எடுப்பது அது நாதத்தைத் தாங்கி எதிரொலிக்கும் என்பதற்காக. துப்பாக்கிக் கட்டைக்கு வேண்டிய குணம் வேறு. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் ஆச்சா மரமோ தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம். வால்நட்டை உலகமே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு பிளக்காமல் நிற்கும் இயல்பும், உளி போன இடத்தில் சிம்பு எழும்பாமல் வெட்டுப்படும் இயல்பும் ஆகும். ஆகவே என் வாக்கு 950 கிராம் வால்நட்டுக்கே.

உங்கள் அப்பாவின் துப்பாக்கியில் நடந்தது மரத்தின் குற்றமன்று, மரத்தை மூடாமல் விட்டவரின் குற்றம். மரம் நெடுவாக்கில் அநேகமாக நீளாது. குறுக்கில்தான் விரியும், சுருங்கும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் மெருகு போட்டுவிட்டு, குழல் படியும் பள்ளத்தையும், பின்புற ரப்பருக்கு அடியில் இருக்கும் வெட்டுமுனையையும் பச்சையாக விட்டால், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். நன்றாக உலர்ந்த, வைரம் பாய்ந்த பலகையை எடுத்து, பிடிக்கழுத்து வழியாக நார் நேராக ஓடும்படி வெட்டி, உள்ளும் புறமும் எப்பாக்சிப் பிசின் கொண்டு அடைத்தால் அது ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

வல்லம் முன்னாள் படைவீரர்:
குடந்தை அண்ணன் மரத்தை அறிந்த அளவுக்கு நான் அறியேன்; ஆனால் படையில் ஆயுதப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் மறுக்க வேண்டியிருக்கிறது. "எப்பாக்சியால் அடைத்தால் போதும்" என்பது பட்டறை மேசைமேல் உண்மை. மலையில் பாறை மீது உரசிய ஒரு கீறல், வார் மாட்டும் திருகாணி தளர்ந்த ஒரு துளை, இவை போதும். அடைப்பு உடைந்துவிடும், உடைந்தது வெளியே தெரியவும் தெரியாது. அமெரிக்க மரைன் படையினர் 1966இல் இதே ரெமிங்டன் 700ஐ அடிப்படையாகக் கொண்ட எம்40 துப்பாக்கியை மரக்கட்டையோடுதான் வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஈரத்தில் கட்டைகள் வளைந்து குறி மாறியதால்தான், 1970களில் வந்த எம்40ஏ1 வகைக்கு மக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டையை ஏற்றுக்கொண்டார்கள். கணக்கும் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் அறையில் மரத்துக்குள் சுமார் 9 சதவீத ஈரம் நிற்கும். அடைமழைக் காலத்தில் அது 17 சதவீதத்தை நெருங்கும். இந்த வேறுபாட்டுக்கு 40 மில்லிமீட்டர் அகல வால்நட் அரை மில்லிமீட்டருக்கும் மேல் விரியும். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நாம் விடுகிற இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான்.

தென்தீவின் மேற்குப் பக்கத்தில் மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த மலைகளுக்கு மரத்தைக் கொண்டுபோகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார்பன் இழைக்கட்டையே சரி.

கோடியக்கரை:
எங்கள் ஊரில் வெளிமான்களைக் காப்பதற்காகவே 1967இல் சரணாலயம் அமைத்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை தடை செய்யப்பட்ட ஒன்று. அப்படியிருக்க, படுகை மக்கள் கூடும் இடத்தில் இதைப் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

நீடாமங்கலம்–தென்தீவு:
தங்கள் உறுத்தலை மதிக்கிறேன், ஐயா. நம் மண்ணில் நான் ஒருநாளும் இதைச் செய்ய மாட்டேன். நியூசிலாந்தில் வௌவால்களைத் தவிர இன்று நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இந்த மண்ணுக்கு இயல்பானதன்று. நான் தேடிப்போகிற இமயமலை வரையாடு 1904இல் மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. இங்கே அதற்கு இயற்கை எதிரி இல்லாததால், அந்தக் கூட்டம் பெருகி மலைச்செடிகளை மொட்டையடித்துவிடுகிறது. அதைக் குறைப்பதை அரசே மேற்பார்வை செய்கிறது. நம் நீலகிரி வரையாடு காக்கப்பட வேண்டியது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

திருவையாறு இயற்பியல்:
இருவரும் மரமா, இழையா என்று பேசுகிறீர்கள். எடை குறைந்தால் தோள் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை. தோட்டா முன்னே போகிற உந்தமும் துப்பாக்கி பின்னே வருகிற உந்தமும் சமம். உந்தம் மாறாதபோது, பின்னுதைப்பின் ஆற்றல் எடைக்கு எதிர்விகிதத்தில் கூடும். 9.7 கிராம் குண்டு நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொண்டு, வெளியேறும் வெடிவாயுவையும் சேர்த்தால், 4 கிலோ துப்பாக்கியில் சுமார் 19 ஜூலும் 3.5 கிலோ துப்பாக்கியில் சுமார் 22 ஜூலும் வரும். உயர்வு 14 சதவீதம். உணர முடியும் என்றாலும் தாங்க முடியாததன்று.

ஆனால் நீங்கள் எந்த இடத்தில் எடையைக் குறைக்கிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டையின் எடையில் பெரும்பங்கு பின்பாதியில் இருக்கிறது. அங்கே அரைக் கிலோவை எடுத்துவிட்டு, கனமான குழலை முன்னே அப்படியே விட்டால், சமநிலைப் புள்ளி முன்னுக்கு நகர்ந்து, மேட்டில் மூச்சிரைத்தபடி நின்று குறிபார்க்கும்போது வாய்முனை தாழ்ந்துகொண்டே இருக்கும். கையிரண்டுக்கும் நடுவில் எடை நிற்கும் துப்பாக்கி, தராசில் சிறிது கூடுதலாக இருந்தாலும் கைக்கு இலகுவாகவே தெரியும். உங்கள் உயரம் என்ன? குழலின் நீளம் என்ன?

நீடாமங்கலம்–தென்தீவு:
உயரம் 163 செ.மீ. குழல் 56 செ.மீ, தடிமன் குறைந்த வேட்டைக் குழல்தான்.

திருவையாறு இயற்பியல்:
அப்படியானால் என் ஆட்சேபம் பாதி குறைகிறது. மெல்லிய குழலுக்கு இலகுவான கட்டை பொருந்தும். மீதிப் பாதி அளவைப் பற்றியது. கடையில் வரும் கட்டைகளில் விசையிலிருந்து பின்முனை வரை 34, 35 செ.மீ. இருக்கும். உங்கள் உயரத்துக்கு, அதிலும் குளிருக்குத் தடித்த சட்டை போட்டிருக்கும்போது, 33 செ.மீ. தாராளம். கன்னம் பதியும் மேல்விளிம்பு பின்பக்கம் சரியாமல் நேராக இருந்தால், உதை கன்னத்தை நோக்கி ஏறாமல் தோளுக்குள் நேராகப் போகும். பொருந்தாத 4 கிலோவை விடப் பொருந்திய 3.5 கிலோ குறைவாகவே வலிக்கும் என்பது நான் சுடுதளத்தில் கண்டது.

குடந்தை மரவேலை:
வல்லத்துத் தம்பியின் கணக்கை மறுக்கவில்லை, கணக்கு சரியானது. எனினும் அவர் ஒன்றை விட்டுவிட்டார். விசைப்பகுதி உட்காரும் இடத்தில் அது அசையாமல் பதிய எப்பாக்சியால் படுகை வார்த்து, திருகாணிகள் இறங்கும் இடங்களில் அலுமினியக் குழாய்த் தூண்களைப் பதித்துவிட்டால், திருகை எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காது. குழலுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் விரிவும் தொடாது. எடையைக் குறைக்கவும் மரத்தில் வழி உண்டு: பின்முனை ரப்பருக்கு உள்ளே துளையிட்டு வாங்கலாம், முன்பகுதியை ஒல்லியாக்கலாம். ஈரத்துக்கு அஞ்சினால், மெல்லிய தகடுகளைப் பிசினால் ஒட்டிய அடுக்குமரக் கட்டையும் கிடைக்கிறது.

மேலும், புதர்க் கிளை உரசும்போது இழைக்கட்டை எழுப்பும் வெற்றோசையை மரம் எழுப்பாது. மலைமேல் விரிசல் கண்டால் மரத்தைக் கயிறும் பசையும் கொண்டு நீங்களே கட்டிக்கொண்டு இறங்கலாம். இழை அடுக்கு உள்ளுக்குள் பிரிந்தால் என்ன செய்வீர்கள்?

வல்லம் முன்னாள் படைவீரர்:
அடுக்குமரம் வளையாது என்பது உண்மை, அண்ணா. ஆனால் அது சாதாரண வால்நட்டை விடவும் கனம். எடை குறைக்க வந்தவரை அங்கே அனுப்பினால் வந்த வேலை கெடும். ஓசை பற்றிய தங்கள் குறை உள்ளீடற்ற கட்டைக்கே பொருந்தும். நுரை நிரப்பியதில் பெருமளவு அடங்கிவிடும். தூண்களும் படுகையும் இழைக்கட்டைக்கும் வேண்டும் என்பதில் தங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இலகு என்ற பெயரில் அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் கட்டையை யாராவது காட்டினால் வாங்க வேண்டாம். முன்பகுதியைக் குழலோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து குழலைத் தொட்டால் அது ஆகாது. வாரை இழுத்துப் பிடித்துச் சுடும்போதும் அப்படித்தான் தொட்டுக் குறியை மாற்றும்.

நீடாமங்கலம்–தென்தீவு:
மேற்குப் பக்கத்து மழையை நினைத்துக் கார்பன் இழைக்கே முடிவு செய்கிறேன்: நுரை நிரப்பியது, அலுமினியத் தூண்களோடு, 33 செ.மீ. நீளத்தில், மேல்விளிம்பு நேராக. கழற்றும் வால்நட் கட்டையை விற்க மாட்டேன். வறண்ட கிழக்குப் பக்கத்துக்குப் போகும்போது அதையே மாட்டிக்கொள்வேன். அதுவரை எப்படி வைக்க வேண்டும், அண்ணா?

குடந்தை மரவேலை:
உங்கள் முடிவு எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சொல்கிறேன். கணப்புக்கு அருகில் வைக்காதீர்கள். அந்தச் சூடு மழையை விடக் கெடுதல். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். திருகாணித் துளைகளையும் பின்முனையையும் இப்போதே எப்பாக்சியால் அடைத்துவிட்டு, வளையாதபடி சமதளத்தில் படுக்கவைத்து, பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். மறுபடி மாட்டும் நாளில் ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நுழைத்து, விசைப்பகுதி வரை தடையில்லாமல் போகிறதா என்று இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எவ்வளவு சீவ வேண்டும் என்று சொல்கிறேன்.