ஸ்கிராபிள் ஆட எந்த இங்கிலீஷ் வார்த்தைகளைப் படிக்க வேண்டும்?

வைகைக்கரை:
இங்கிலீஷ் நாவல் படிக்கிற பழக்கம் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு, சொல்வளம் ஒன்றும் மோசமில்லை. ஆனால் மெல்போர்னில் இருக்கும் அண்ணன் மகளோடு போனில் ஸ்கிராபிள், அதாவது எழுத்துக் காய்களைப் போர்டில் அடுக்கி வார்த்தை அமைத்துப் புள்ளி எடுக்கும் ஆட்டம், ஆடினால் தோல்விதான், அதுவும் கௌரவமான தோல்வி இல்லை. நான் மண்டையைக் குடைந்து ஆறெழுத்தில் அழகாக ஒரு வார்த்தை வைத்தால் பதினாறு, பதினெட்டு வருகிறது. அவள் ஒரு மூலையில் ரெண்டே காயை வைத்து நாற்பது எடுத்துவிடுகிறாள். க்யூ-ஐ, எக்ஸ்-யூ, இசட்-ஏ, இதெல்லாம் வார்த்தையா? அர்த்தம் கேட்டால் "தெரியாது அத்தை, ஆனா செல்லும்" என்கிறாள். எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிற வயது எனக்கில்லை.

காலிக்காய்:
அக்கா, அகராதி வேண்டாம். ரெண்டெழுத்து வார்த்தைகளின் பட்டியலை மட்டும் எடுங்கள், மொத்தமே நூறு, நூற்றுச் சொச்சம்தான். அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சாதாரண வார்த்தைகள். இந்த ஆட்டத்தில் புள்ளி நீளத்துக்குக் கிடைப்பதில்லை, இடத்துக்குக் கிடைக்கிறது. போர்டில் கிடக்கும் வார்த்தையை ஒட்டியே இன்னொன்றை வைத்தால் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று ஒரே காய் ரெண்டு தடவை எண்ணப்படும். எக்ஸ் காய் 8 புள்ளி. அதை எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டத்தில் வைத்து, குறுக்கே எக்ஸ்-ஐ, மேலேயிருக்கும் ஏ-வோடு சேர்த்து நெடுக்கே ஏ-எக்ஸ் என்று அமைந்தால், எக்ஸுக்கு 24, கூட இருக்கும் எழுத்துக்கு 1 என்று இரண்டு பக்கமும் 25, ஆக ஐம்பது. அண்ணன் மகள் செய்வது இதுதான்.

அடுத்தது க்யூ. 10 புள்ளி என்று ஆசையாக வைத்துக்கொண்டு யூ வருமென்று காத்திருப்பார்கள், அது வரவே வராது. யூ இல்லாமலே க்யூ-ஐ செல்லும், சீனர்கள் சொல்லும் உயிர்சக்தி அது. கடைசியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்கினாலும் செல்லும். மென்று துப்பும் காட் இலை, அதாவது க்யூ-ஏ-டீ, அதுவும் செல்லும். கே-வுக்குப் பதில் க்யூ போட்டு எழுதும் ஃபக்கீரும் உண்டு. எக்ஸ்-யூ வியட்நாமியக் காசு, இசட்-ஏ என்பது பீட்சாவை அமெரிக்கர்கள் சுருக்கிக் கூப்பிடுவது. ஆனால் வி-யை வைத்து ரெண்டெழுத்து வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, கையில் வந்தால் சீக்கிரம் தள்ளிவிடுங்கள்.

எஸ்-ஸையும், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய காலிக்காயையும் மட்டும் அற்பப் புள்ளிக்கு இறக்காதீர்கள். 100 காயில் எஸ் 4, காலி 2, அவ்வளவுதான். இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ் எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்று பத்திரிகையைப் பார்த்து எண்ணித்தான் காய்களைப் பிரித்தார், ஆனால் எஸ்-ஸை மட்டும் வேண்டுமென்றே குறைத்துவிட்டார். இல்லையென்றால் எல்லோரும் பன்மை போட்டே ஜெயித்துவிடுவோம். கையில் இருக்கும் ஏழு காயையும் ஒரே மூச்சில் இறக்கினால் 50 போனஸ் உண்டு, எஸ்-ஸும் காலியும் அதற்குத்தான்.

குறுக்கும்நெடுக்கும்:
காலிக்காய் சொல்வது சரிதான், ஆனால் இதை மொழி விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையே வென்றார், அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. 2024-ல் ஸ்பானிஷிலும் அதே கதை. அர்த்தமே தெரியாமல் எழுத்துக்கோவையை மனப்பாடம் செய்வதில் என்ன சுகம்? வைகைக்கரை அம்மா, நாவல் படிக்கிறவர் நீங்கள், பேசாமல் தி ஹிந்துவில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்துப் பக்கம் வாருங்கள், குறிப்பே ஒரு விடுகதையாக இருக்கும். அங்கே உங்கள் படிப்புக்கு மரியாதை உண்டு.

காலிக்காய்:
அங்கே மட்டும் மனப்பாடம் இல்லையா சார்? குறிப்பில் மாலுமி என்று வந்தால் விடையில் ஏ-பி என்ற எழுத்துகள், டாக்டர் என்று வந்தால் எம்-ஓ அல்லது ஜி-பி. அதையும் எல்லோரும் உருப்போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏழுகாய்_ராணி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, முதலில் உங்கள் செயலி, செல்லும் வார்த்தைகளின் எந்தப் பட்டியலை வைத்து ஆடுகிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். வட அமெரிக்கப் பட்டியலில் வார்த்தைகள் ஏறத்தாழ ரெண்டு லட்சம், மற்ற நாடுகளில் ஓடும் காலின்ஸில் ரெண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். சி-எச், இசட்-ஓ இரண்டும் காலின்ஸில் செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. இதைப் பார்க்காமல் உருப்போட்டால் பாதி உழைப்பு வீண்.

ரெண்டெழுத்து முடிந்ததும் எல்லோரும் மூன்றெழுத்துக்குப் போகச் சொல்வார்கள். நான் அப்படிப் போகவில்லை, உங்களைப் போல நிறையப் படித்தவர்களுக்கு அதைவிட இது ருசிக்கும்: ரெடினா என்ற ஆறெழுத்தைக் கையில் சேர்த்துப் பாருங்கள். கூட ஜி வந்தால் கிரானைட், டியரிங். சி வந்தால் சர்ட்டன். எஸ் வந்தால் ரீடெயின்ஸ், நாஸ்டியர். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வார்த்தைகள்தான், கலைந்து கிடக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாது. தினம் இப்படி ஒரு கோவையைக் கலைத்து அடுக்கிப் பழகினால் அந்த 50 போனஸ் தானாக வர ஆரம்பிக்கும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி, செயலியில் பார்த்தேன், காலின்ஸ்தான். ரெண்டெழுத்துப் பட்டியலை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டப் போகிறேன். ஒரு சந்தேகம், நம்ம ஊர் வார்த்தைகள் செல்லுமா?

ஏழுகாய்_ராணி:
செல்லும். இட்லி உண்டு, தோசா உண்டு, கடைசியில் ஐ சேர்த்துத் தோசை என்றே வைத்தாலும் செல்லும். லட்சத்தையும் கோடியையும் குறிக்கும் லேக், க்ரோர், அப்புறம் நெய்க்கு ஜி-எச்-இ-இ, அதையே சுருக்கி ஜி-எச்-ஐ. மதுரை, வைகை மாதிரி ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் மட்டும் செல்லாது. உயிரெழுத்தாகக் குவிந்து திணறும்போது தோசையில் மூன்று உயிரெழுத்தை ஒரே வீச்சில் இறக்கிவிடலாம்.