புதுப்பிப்பு: 14 வயதுக்குட்பட்ட ரக்பி அணித் தேர்வு

போன மாதம் கேட்டிருந்தேன், குளச்சல் பக்கம் எங்கள் கிளப்பில் உயரமும் எடையும் பார்த்தே பிள்ளைகளை எடுக்கிறோம், சரியா என்று. சரியில்லை என்றீர்கள். மாற்றிவிட்டோம் மக்களே.

முதலில் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். பழைய அணியில் பாதிக்குமேல் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள்; அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூப்பு, அதைத்தான் திறமை என்று நினைத்திருக்கிறோம்.

இப்போது மூன்று வாரமாகக் கடற்கரை மணலில் டேக் ரக்பி. இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும், மோதல் கிடையாது. கையால் பந்தை முன்னால் கொடுக்கக்கூடாது என்பதால், கொடுப்பவனுக்குப் பின்னால் விடாமல் ஓடி வருகிறவன் யார் என்று தானாகவே தெரிந்துவிடுகிறது. வகுப்பிலேயே குள்ளமான ஒரு பையன், அப்பா வள்ளத்தில் போகிறவர், பந்து கைக்கு வருமுன்பே இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுகிறான். போன முறை அவனை முதல் நாளே திருப்பி அனுப்பியது நான்தான். வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் வருத்தம் சொல்லி, திரும்ப அழைத்து வந்தேன்.

அப்புறம், டேக்கிள், அதாவது பந்தோடு வருகிற எதிராளியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தும் பழக்கம், முழங்காலில் நின்றபடிதான் தொடங்கியிருக்கிறோம். தலை எதிராளிக்கு முன்னால் போகக்கூடாது, அவன் இடுப்புக்குப் பின்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். அது எல்லோருக்கும் படிகிறவரை மேட்ச் இல்லை.