லோஞ்சி (பர்மா லுங்கி) இடுப்பில் நிற்கிற மாதிரி சின்ன டச் போன் எது?

உளுந்து மூட்டை:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன் பயின்னௌங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு என்று பெயர்தான், பாதி நாள் மூட்டை மேல்தான் நிற்பேன். குத்தூசியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையில் உளுந்தை விரித்து, வலது கையால் போனைப் பிடித்துப் படமெடுத்து வைபரில் அனுப்ப வேண்டும். இப்போது இருப்பது 6.7 இஞ்ச் போன், கட்டைவிரல் பாதித் திரையைக்கூட எட்டாது. அதோடு லோஞ்சியில் பை ஏது, இங்கே எல்லாரையும் போல முதுகுப்பக்கம் இடுப்பில் செருகிக்கொள்வேன், கனத்தில் அது நழுவி நழுவி இறங்கும். போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ரோட்டில் விழுந்து கண்ணாடி சிலந்திவலை ஆகிவிட்டது, மாற்றுகிற செலவுக்கு வேறு போனே வாங்கிவிடலாம் போல.

ஆறு இஞ்சுக்குப் பக்கமாக, வேகமாக வேலை செய்கிற போன் ஏதாவது இருக்கிறதா? பழையதானாலும் பரவாயில்லை. இரண்டு சிம் வேண்டும், பருப்பின் நிறம் படத்தில் சரியாகத் தெரிய வேண்டும், தமிழில் அடிக்க வேண்டும். முக்கியமாக பேட்டரி. கரண்ட் முறை வைத்து வருகிற ஊர் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

சோல்டர் புகை:
தம்பி, கடைசியில் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சின்ன போனில் எல்லாமே பேட்டரிக் கணக்குதான். உடம்பு சின்னது என்றால் உள்ளே பேட்டரி வைக்க இடமும் கம்மி, ஆனால் சிப் பெரிய போனில் இருக்கிற அதே சிப், டவரைத் தேடி அலைகிற ரேடியோவும் அதேதான். கரண்ட் போய் பக்கத்து டவரும் படுத்துவிட்டால் போன் தூரத்து டவரைப் பிடிக்க முழு பலத்தோடு கத்தும், அப்போது சும்மா இடுப்பில் இருக்கும்போதே சார்ஜ் இறங்கும். அது போக நம் ஊரில் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஆப் உண்டு, எதுவென்று சொல்ல மாட்டேன், அதுவும் தின்னும்.

அதனால் என் கணக்கில் முதல் இடம் ஆசுஸ் ஸென்ஃபோன் 9, இல்லை 10. 5.9 இஞ்ச், 170 கிராம் பக்கம், பேட்டரி 4,300 எம்ஏஎச். இந்த அளவு போனில் இவ்வளவு பேட்டரி வைத்தவர்கள் ரொம்பக் குறைவு. இரண்டு சிம் போடலாம், இயர்போன் ஓட்டைகூட இருக்கிறது, ஆனால் மெமரி கார்டு போட முடியாது. அடுத்து சாம்சங் எஸ்23, 6.1 இஞ்ச், 3,900. எஸ்22 கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனாலும் நான் தள்ளியே நிற்பேன். பேட்டரி 3,700தான். உள்ளே இருக்கிற ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப் சூடேறுவதில் பேர் போனது, அதே 2022இல் தொழிற்சாலையை மாற்றிச் செய்த 8 பிளஸ் ஜென் 1தான் ஸென்ஃபோன் 9இல் இருப்பது, அது எவ்வளவோ தேவலை. சின்ன உடம்பில் சூடு வெளியேறப் பரப்பும் கம்மி, சூடு ஏறினால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரல் மாசத்து தகரக் கூரைக்கு அடியில் நின்று பார்த்தால் தெரியும்.

காசு கம்மி என்றால் எஸ்10இ. 2019 மாடல், 5.8 இஞ்ச், 150 கிராம், கார்டு போடலாம். ஆண்ட்ராய்டு 12ஓடு நிறுத்திவிட்டார்கள், பேட்டரி 3,100. உன் வேலைக்கு இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கேமராத் துவாரத்தை எஃப் 1.5 (பெரிய துவாரம்), எஃப் 2.4 (சின்னது) என்று இரண்டு அளவாக மாற்றலாம். உளுந்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது 1.5இல் நடுமணி நாலு மட்டும் தெளிவாக வரும், சுற்றி மங்கல். புரோ மோடில் 2.4 வைத்தால் உள்ளங்கை முழுக்கத் தெளியும். நிறம் சரியாக வர பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடு, அதற்கு எந்த போனும் போதும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள், அமெரிக்காவிலும் கொரியாவிலும் விற்ற எஸ்10இ ஒரு சிம்தான். சிம் தட்டை உருவிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதே.

மோல்மீன்காரி:
சோல்டர் அண்ணன் ஐபோன் 13 மினியை வேண்டுமென்றே விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். 141 கிராம், அகலம் 64 மில்லிமீட்டர், என் கைக்குள் அடங்குகிற போன் இது ஒன்றுதான். கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், பாடம், படம், குரல்பதிவு எல்லாம் இதில்தான், ஒரு நாளும் திணறியதில்லை. பேட்டரி சுமார் 2,400, அதை நான் மறைக்கவில்லை, கைப்பையில் பவர்பேங்க் இல்லாமல் வெளியே போக மாட்டேன். ஆனால் எனக்குக் கைப்பை இருக்கிறது, தம்பிக்கு இடுப்பு மட்டும்தானே.

தமிழ் அடிக்க ஐபோனில் அஞ்சல், தமிழ்99 என்று இரண்டு கீபோர்டும் கூடவே வருகிறது. இந்த அகலத்தில் தமிழ்99 வேண்டாம். மேல்வரிசையில் மட்டும் 12 எழுத்து, ஒரு எழுத்துக்கு 5 மில்லிமீட்டர்கூடத் தேறாது, ள அடித்தால் ற விழும். அஞ்சல் ஆங்கிலத் தட்டு மாதிரி வரிசைக்குப் பத்து, விரல் தப்பாது. இன்னொன்று, மினியில் சிம் போட ஒரே இடம்தான், இரண்டாவது இ-சிம்தான் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) ஆக வேண்டும், தருவார்களா என்று உங்கள் சிம்காரரிடம் முதலில் கேளுங்கள்.

பழைய பட்டன்:
எல்லாரும் போனைக் குறை சொல்கிறீர்கள், குறை லோஞ்சியில். தெயின்ஜி சந்தையில் எந்தத் தையல்காரரிடம் கொடுத்தாலும் இடுப்புப் பட்டியில் உட்பை ஒன்று வைத்துத் தருவார். கிட்டங்கி என்கிற வட்டிக்கடைகளில் செட்டியார்கள் மடியில் பணத்தை முடிந்துகொண்டு நடந்த ஊர் இது. 2014இல் 1,500 கியாட்டுக்கு சிம் வந்தது, அதற்கு முன்னால் ஒரு சிம்முக்கு லட்சக்கணக்கில் கொடுத்தோம், அன்றைக்குக் கையில் போன் இருந்தாலே பெரிய மனுஷன், சின்னதா பெரிசா என்று எவன் கேட்டான். பெரிய போனைச் சரிசெய்து கடையில் வை, இடுப்புக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொள், சார்ஜ் வாரம் நிற்கும்.

உளுந்து மூட்டை:
பெரியவரே, பட்டன் போனில் உளுந்துப் படம் எப்படி அனுப்புவது, சொல்லுங்கள். உட்பை யோசனை நன்றாக இருக்கிறது, அதைச் செய்துவிடுகிறேன். அக்கா, மினி ஆசைதான், ஆனால் இரண்டு சிம்மும் பேட்டரியும் இடிக்கிறது. சோல்டர் அண்ணே, நேற்று ஒரு கடையில் ஸென்ஃபோன் 9 பார்த்தேன், கையில் பிடித்ததும் விட மனசில்லை. பழசுதான். என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? இன்னொன்று, கஸ்டமர் பாதிப் பேர் இன்னும் ஸோஜி என்கிற பழைய கணினி எழுத்தில்தான் பர்மீஸ் அனுப்புகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த போனில் தெரியுமா?

சோல்டர் புகை:
ஸோஜி, உலகப் பொது முறையான யூனிகோட் இரண்டும் ஒரே எண்களில் வேறு வேறு எழுத்தை உட்காரவைத்தவை, அதனால் வெளிநாட்டு போனில் ஸோஜி கோழி கிளறின மாதிரி தெரியும். 2019 அக்டோபர் 1லிருந்து நாடே யூனிகோடுக்கு மாறச் சொன்னார்கள், மண்டிக்காரர்கள்தான் மாறவில்லை. மாற்றிக் காட்டுகிற கீபோர்டு ஆப் கிடைக்கும், இல்லாவிட்டால் அவர்களைக் குரல்பதிவு அனுப்பச் சொல், அது சுலபம்.

வாங்குமுன் ஒன்றும் அவசரம் வேண்டாம். கடையிலேயே பத்து நிமிஷம் வீடியோ எடு, சூடும் சார்ஜ் இறங்குகிற வேகமும் அப்போதே தெரிந்துவிடும். கேமராவை ஆட்டிப் பார், உள்ளே நடுக்கத்தைத் தாங்குகிற கிம்பல் இருக்கிறது, படம் நடுங்கினால் வேண்டாம். பின்மூடி ஓரத்தில் நகத்தை ஓட்டு, பசை தட்டுப்பட்டால் யாரோ திறந்திருக்கிறார்கள், அப்புறம் ஐபி68 என்று சொல்கிற தண்ணீர்க் காப்பை நம்ப முடியாது, மழைக்காலத்தில் இடுப்பு வியர்வையே போதும். இரண்டு சிம்மையும் போட்டு இரண்டிலும் கால் பேசிவிடு.

மோல்மீன்காரி:
உட்பை தைக்கும்போது போனைத் தையல்காரரிடம் காட்டி அளவெடுக்கச் சொல் தம்பி. கவரோடு அளவெடுக்கணும். என் வீட்டுக்காரர் கவர் இல்லாமல் அளவு கொடுத்துவிட்டு இப்போது கவரைக் கழற்றிக்கொண்டு நடக்கிறார்.