கிஃப்ட் கார்டு ஆஃபர்ல நெசமாவே லாபம் இருக்கா? ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கணும்

பொள்ளாச்சிக்காரன்
வணக்கம்ங்க. தங்கச்சிக்கு ஆவணில கல்யாணம், சீர் சாமான்ல ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் என் தலைல விழுந்திருக்கு. கடைல போய் விசாரிச்சாச்சு, ஃப்ரிட்ஜ் 28,000, மெஷின் 19,000, மொத்தம் 47,000. இப்ப அதே கடைல ஒரு ஆஃபர் போட்டிருக்காங்க, 10,000க்கு கிஃப்ட் கார்டு வாங்கினா 1,000க்கு போனஸ் வவுச்சர் ஃப்ரீயாம். நாலு கார்டு வாங்கினா 4,000 மிச்சம், கிட்டத்தட்ட பத்து பர்சென்ட் தானேன்னு நான் கெளம்பிட்டேன், வீட்டுக்காரம்மா மட்டும் "சும்மா யாராச்சும் தருவாங்களா, கொஞ்சம் பொறுங்க"ன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. இதுபோக ஒரு பேங்க் கிரெடிட் கார்டுக்கு 30,000க்கு மேல தேய்ச்சா 10%, அதிகபட்சம் 3,000 தள்ளுபடின்னு போர்டு வெச்சிருக்காங்க. அந்தக் கார்டு எங்கிட்ட இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து வாங்க முடியுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கணக்குப்புள்ள
ப்ரோ மொதல்ல அந்த போனஸ் வவுச்சரோட கண்டிஷனை இங்க போடுங்க. பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், மினிமம் பில் எவ்வளவு, எந்த தேதில இருந்து செல்லும், ஒரு பில்லுக்கு எத்தனை. அது தெரியாம 4,000ன்னு கணக்கு போடாதீங்க.

பொள்ளாச்சிக்காரன்
பார்த்துட்டேன்ங்க. 15 நாள் கழிச்சுதான் செல்லும், அதுக்கப்புறம் 45 நாள்ல முடிஞ்சிரும். மினிமம் பில் 5,000. ஒரு பில்லுக்கு ஒரு வவுச்சர்தான்.

கணக்குப்புள்ள
அப்ப மேட்டர் முடிஞ்சுது. உங்களுக்கு வாங்க வேண்டியது ரெண்டே சாமான், தனித்தனியா பில் போட்டாலும் ரெண்டு பில், ஆக ரெண்டு வவுச்சர்தான் ஓடும், மிச்சம் ரெண்டை ஓட்டணும்னா இன்னும் 10,000க்கு மிக்ஸியோ ஃபேனோ வாங்கணும், அது உங்க லிஸ்ட்லயே இல்ல. கையில நிக்கிறது 2,000. 47,000க்கு அது நாலேகால் பர்சென்ட்.

இதுல ஒண்ணைப் புரிஞ்சுக்கோங்க, கிஃப்ட் கார்டு வேற, போனஸ் வவுச்சர் வேற. கிஃப்ட் கார்டு நீங்க காசு குடுத்து வாங்கினது, பில்லு கட்டுறப்ப அது பணம் மாதிரி, அதனால கடைல தள்ளுபடி ஓடுற சாமானுக்கும் பெரும்பாலும் செல்லும். போனஸ் வவுச்சர் வெறும் கூப்பன், கடைக்காரன் வெச்சதுதான் சட்டம். ஆர்பிஐ ரூல்ல வர்ற கிஃப்ட் கார்டுக்கு கொறஞ்சது ஒரு வருஷம் வேலிடிட்டி இருக்கணும், ஒரு கார்டுல 10,000க்கு மேல போட முடியாது (மொத்தமா 40,000க்கு ஒரே கார்டு கேட்டா ஏன் தரமாட்டேங்கிறாங்கன்னு நிறைய பேர் இங்க வந்து கேக்கறாங்க, அதான் காரணம்), ரொக்கமா மாத்தவும் முடியாது. ஃப்ரீயா குடுக்கற கூப்பனுக்கு இதெல்லாம் கெடையாது.

இப்ப நான் சொல்ற வழி. அதே கடையோட கிஃப்ட் கார்டு வவுச்சர் விக்கிற ஆப்ல 5% கம்மிக்கு கெடைக்குதான்னு பாருங்க, பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்கு பெரும்பாலும் 3ல இருந்து 5 வரைக்கும் இருக்கும். 5% கெடைச்சா, ரெண்டு சாமானையும் ஒரே பில்லாப் போடச் சொல்லுங்க. 30,000ஐ பேங்க் கார்டுல தேய்ங்க, 3,000 தள்ளுபடி. மிச்சம் 17,000க்கு கிஃப்ட் கார்டு, 10,000 + 5,000 + 2,000ன்னு மூணு வாங்கினா நீங்க கட்றது 16,150தான். மொத்த மிச்சம் 3,850. 15 நாள் காத்திருக்க வேணாம், வேண்டாத மிக்ஸியும் வேணாம்.

சேலத்து மாம்பழம்
ரெண்டையும் கலந்தா? கடைல 20,000க்கு கார்டு வாங்கி ரெண்டு வவுச்சர் 2,000, மிச்சம் 25,000ஐ ஆப்ல 5% கம்மிக்கு வாங்கினா 1,250, மொத்தம் 3,250 வருதே.

கணக்குப்புள்ள
வருது சகோ, ஆனா பில்லைப் பிரிச்சா 28,000, 19,000ன்னு ஆயிரும், எதுவும் 30,000 தொடாது, பேங்க் ஆஃபர் போச்சு. 600 ரூவா கம்மி, அலைச்சல் ஜாஸ்தி.

ஈரோட்டு மைதிலி
வேலிடிட்டி விஷயத்துல நான் பட்ட பாட்டை சொல்றேன். போன தீபாவளிக்கு ஒரு துணிக்கடைல இதே மாதிரி போனஸ் கூப்பன் மூணு வாங்கி பீரோல புடவைக்கு நடுவுல பத்திரமா வெச்சேன், பத்திரமா வெச்சதுதான் தப்பு, பொங்கலுக்கு எடுத்துட்டுப் போனா தேதி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. சூப்பர்வைசர் வரைக்கும் பேசிப் பார்த்தேன், "சிஸ்டம் எடுக்காது மேடம்"னு ஒரே பாட்டு. இப்பல்லாம் வாங்கின அன்னிக்கே போன்ல ரிமைண்டர் போட்டுடறேன்.

பழைய கேஷியர்
ஆறு வருஷம் ஒரு ஷோரூம்ல பில்லிங் கவுண்டர்ல இருந்தவன், ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, பாதி கார்டு பாதி கிஃப்ட் கார்டுன்னு கட்டினா பேங்க் ஆஃபர் விழுமான்னு பில் போடறதுக்கு முன்னாடியே கேளுங்க. பெரும்பாலும் மெஷின்ல தேய்க்கிற தொகைதான் கணக்கு, பில் தொகை இல்ல, அதனால 30,000ஐ ஒரே தடவைல தேய்க்கணும், 20,000, 10,000ன்னு பிரிச்சா விழாது. "30,000க்கு மேல"ன்னு போர்டுல இருந்தா சரியா 30,000க்கு விழுமா, ஒரு ரூவா கூடணுமான்னும் கேட்டுக்கோங்க, அதுக்கே கவுண்டர்ல சண்டை நடந்து பார்த்திருக்கேன். சில கடைல ஒரு பில்லுக்கு இத்தனை கிஃப்ட் கார்டுதான்னு லிமிட்டும் உண்டு.

ரெண்டு, ரிட்டர்ன். சாமான்ல ஏதாச்சும் கோளாறுன்னு பணம் திரும்ப வாங்கற நெலைமை வந்தா, கிஃப்ட் கார்டுல கட்டினது திரும்ப கிஃப்ட் கார்டாத்தான் வரும், பேங்க் அக்கவுண்டுக்கு வராது. இன்னொன்னு, கடைல வாங்கற கார்டுல வெள்ளிக் கோடு சுரண்டாம இருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ஓரத்துல லேசா கிளம்பி இருந்தாலோ மேல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்தாலோ வேற கார்டு கேளுங்க. கீழ இருக்கற பின் நம்பரை ஒருத்தன் பார்த்துட்டா அது உங்க காசு இல்ல.

சேலத்து மாம்பழம்
டெலிகிராம் குரூப்ல 20% கம்மிக்கு எல்லா கடை வவுச்சரும் தராங்களே, அது எப்படி?

கணக்குப்புள்ள
அந்தப் பக்கமே போகாதீங்க. யாரோ ஒருத்தரோட திருடின கார்டுல வாங்கின வவுச்சரா இருக்கலாம், ஒரே வவுச்சர் நம்பரை பத்து பேருக்கு வித்திருக்கலாம், நீங்க கவுண்டர்ல நிக்கிறப்ப பேலன்ஸ் ஜீரோன்னு வரும், யார்ட்டப் போய் கேப்பீங்க? 5%னா நம்பலாம், 20%னா கேள்வி கேக்கணும்.

ரிவார்ட் பாயிண்ட் ஆசைலயும் ஒரு பொறி இருக்கு. வவுச்சர் விக்கிற சைட்டுக்கு எம்சிசி கோடு (எந்த வகைக் கடைன்னு கார்டு நெட்வொர்க்ல காட்டற நம்பர்) 5947னு, கிஃப்ட் கடை வகைல, வரலாம், சில கிரெடிட் கார்டுல அந்த வகைக்கு பாயிண்டோ கேஷ்பேக்கோ கெடையாது. பேங்க்கோட சொந்த போர்ட்டல் வழியா வாங்கினா கதை வேற, எச்டிஎஃப்சி ஸ்மார்ட்பை மாதிரி எடத்துல வவுச்சருக்கு கூடுதல் பாயிண்டே தருவாங்க, மாச லிமிட் உண்டு.

பொள்ளாச்சிக்காரன்
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னிக்கு மேனேஜர்ட்டப் பேசிட்டேன், ஒரே பில்லு, 30,000 ஒரே ஸ்வைப், மிச்சத்துக்கு மூணு கிஃப்ட் கார்டு ஓகேன்னுட்டார். வாட்ஸப்ல எழுதி அனுப்புங்கன்னு கேட்டேன், மொகத்தை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு அனுப்பினார். ஆப்ல 5% இருந்துச்சு, 16,150 கட்டியாச்சு, மூணு கார்டும் மெயில்ல வந்துருச்சு. சனிக்கிழமை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், நாலாயிரம் கனவு கண்டதுக்கு இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க.

பழைய கேஷியர்
தம்பி, பில் போடறதுக்கு முன்னாடி ஆப்ல மூணு கார்டுலயும் பேலன்ஸ் பாத்துக்கோ. ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேணுமான்னும் அப்பவே முடிவு பண்ணிரு, மறந்துட்டு திரும்பப் போனா அதுக்கு முழு வெலை.