ஜெர்மானிய பாங்க்லைட்சால்: பழைய எட்டு இலக்க எண்ணை வைத்து இன்று பணம் அனுப்ப முடியுமா?

ரைன்கரை கேட்டது:

வணக்கம். கொலோன் நகரில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறேன். ஒப்பந்தம் பழைய படிவத்தில் எழுதப்பட்டிருப்பதால், உரிமையாளரின் ஏழு இலக்கக் கணக்கு எண்ணும், 3707 என்று தொடங்கும் எட்டு இலக்க பாங்க்லைட்சாலும் மட்டுமே அதில் உள்ளன. என் வங்கிச் செயலியோ ஐபான் (IBAN, சர்வதேச வங்கிக் கணக்கு எண்) இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே நகர மறுக்கிறது. இந்த எட்டு இலக்கங்கள் எதைக் குறிக்கின்றன? இரண்டு எண்களையும் சேர்த்து நானே ஐபானை உருவாக்கிக்கொள்ளலாமா?

கணக்கேடு எழுதியது:

பாங்க்லைட்சால் என்பது ஒரு வங்கியையோ அதன் கிளையையோ அடையாளம் காட்டுவதற்காக 1970களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ள எண். முதல் இலக்கம் வட்டாரத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து ஊரையும் காட்டும்: 100 பெர்லின், 200 ஹாம்பர்க், 370 கொலோன், 500 ஃபிராங்க்ஃபுர்ட், 700 மியூனிக். நான்காவது இலக்கம் வங்கிக் குழுமத்தைச் சொல்லும். 0 என்றால் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க், 4 என்றால் கொமெர்ட்ஸ்பாங்க், 5 என்றால் ஷ்பார்காஸே சேமிப்பு வங்கிகள், 6 அல்லது 9 என்றால் கூட்டுறவு வங்கிகள், 7 என்றால் டாய்ச்ச பாங்க். அங்கே 8 இருந்தால், பழைய டிரெஸ்ட்னர் பாங்க் கொமெர்ட்ஸ்பாங்கோடு இணைந்த பிறகும் அந்த எண் தொடர்கிறது என்று பொருள். எஞ்சிய நான்கு இலக்கங்கள் அந்தந்த நிறுவனத்தின் உள் ஒதுக்கீடு. ஆகவே உங்கள் உரிமையாளரின் கணக்கு கொலோனில் உள்ள டாய்ச்ச பாங்கைச் சேர்ந்தது. ஆனால் ஊர் எண் வாடிக்கையாளர் வசிக்கும் ஊரைக் குறிப்பதல்ல. இணையவழி வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர் எங்கிருந்தாலும் தலைமையகம் இருக்கும் ஊரின் எண்தான் வரும்.

இந்த எண் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஐபானுக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மானிய ஐபான் 22 இடங்கள் கொண்டது: நாட்டுக் குறியீடு இரண்டு எழுத்து, சரிபார்ப்பு இலக்கம் இரண்டு, பாங்க்லைட்சால் எட்டு, கணக்கு எண் பத்து. விளக்க நூல்களில் மாதிரியாகத் தரப்படும் டிஇ89 3704 0044 0532 0130 00 என்பதைப் பாருங்கள்: 37040044 கொலோனின் கொமெர்ட்ஸ்பாங்க், 0532013000 கணக்கு எண். தனிநபர்கள் பழைய கணக்கு எண்ணையும் பாங்க்லைட்சாலையும் மட்டும் கொடுத்துப் பணம் அனுப்புவதற்கு இருந்த சலுகைக் காலம் 2016 பிப்ரவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

தென்றல் எழுதியது:

கணக்கேடு சொன்னது முழுவதும் சரி. ஆனால் ஐபானை நீங்களே உருவாக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் உங்களுடையது அதற்கு மிகவும் ஆபத்தான வகை. கணக்கு எண் பத்து இலக்கத்துக்குக் குறைந்தால் முன்னால் பூஜ்யங்களைச் சேர்ப்பது பொதுவழக்கு. அதன்படி உங்கள் ஏழு இலக்கத்துக்கு முன்னால் மூன்று பூஜ்யங்கள் வர வேண்டும். ஆனால் டாய்ச்ச பாங்கில் ஏழு இலக்க முதன்மை எண்ணுக்குப் பின்னால் இரண்டு இலக்கத் துணைக்கணக்கு எண் உண்டு. அது 00 ஆக இருக்கும்போது மக்கள் அதை எழுதாமல் விட்டுவிடுவது வழக்கம். அப்படியானால் முன்னால் ஒரு பூஜ்யமும் பின்னால் இரண்டு பூஜ்யங்களும் வர வேண்டும்.

சரிபார்ப்பு இலக்கங்கள் இந்தப் பிழையைப் பிடித்துவிடும் என்று நம்பாதீர்கள். அவை 97ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து கணக்கிடப்படுபவை. தட்டச்சில் ஒரு இலக்கம் மாறினால் காட்டிக்கொடுக்கும். தவறான கணக்கு எண்ணிலிருந்து நீங்களே அவற்றைக் கணக்கிட்டாலோ, அந்தத் தவறான எண்ணுக்கு முற்றிலும் பொருத்தமான சரிபார்ப்பு இலக்கங்களே கிடைக்கும், செயலியும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். வங்கி இணைப்புகளால் கைவிடப்பட்ட பாங்க்லைட்சால்களும் உண்டு. நடப்பில் உள்ளவற்றின் பட்டியலை புண்டஸ்பாங்க் காலாண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. எண் உயிரோடு உள்ளதா என்று அறிய அது உதவுமே தவிர, கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உரிமையாளரிடமே ஐபானை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரைன்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. உரிமையாளருக்கு இன்றே எழுதுகிறேன். இன்னொன்று: என் சம்பளக் கணக்கு லித்துவேனிய ஐபான் கொண்டது. மின்கட்டணப் படிவம் ஒன்று பாங்க்லைட்சாலைக் கேட்கிறது. அங்கே எதை எழுதுவது?

கணக்கேடு எழுதியது:

இந்த எட்டு இலக்க பாங்க்லைட்சால் ஜெர்மானிய வங்கிகளுக்கு மட்டுமே உரியது. உங்கள் ஐபானிலிருந்து எந்த எட்டு இலக்கத்தையும் வெட்டி அந்தக் கட்டத்தில் நிரப்பாதீர்கள். ஜெர்மானியக் கணக்காக இருந்திருந்தால் ஐபானின் ஐந்தாவது இடம் முதல் பன்னிரண்டாவது இடம் வரை எடுத்து எழுதலாம். மின் நிறுவனத்துக்கு முழு ஐபானை எழுத்து மூலம் தெரிவியுங்கள். யூரோவில் நேரடிப் பற்று முறையில் (வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து தாமே பணம் எடுத்து) வசூலிப்பவர், கணக்கு இன்ன நாட்டில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 260/2012 எண் கொண்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையின் 9ஆவது பிரிவு தடுக்கிறது. மறுத்தால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

தென்றல் எழுதியது:

வாடகை பற்றி ஒரு சொல் கூடுதலாக. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ வலய வங்கிகள் பணம் அனுப்பும் முன் பெறுநரின் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை என்று திரையில் வந்தால் உறுதிப்படுத்தாமல் நிறுத்திவிட்டு, உரிமையாளரின் பெயர் வங்கியில் எப்படிப் பதிவாகியுள்ளது என்று கேளுங்கள். பல வீடுகளில் ஒப்பந்தம் ஒருவர் பெயரிலும் கணக்கு அவருடைய துணைவர் பெயரிலும் இருக்கும்.