ஃபெரோசிலிக்கான் மாறிய பின் வார்ப்புகளில் ஊசித்துளைகள்: ஆலோசனை தேவை

கோயம்புத்தூரில் உள்ள எங்கள் ஃபவுண்டரியில் தயாராகும் கிரே அயர்ன் (சாம்பல் வார்ப்பிரும்பு) பம்ப் கேசிங்குகளில், கடந்த மாத நடுவிலிருந்து, மெஷினிங்கில் மேல்தோல் சீவப்பட்டவுடன் சிறு ஊசித்துளைகள் தென்படுகின்றன. இண்டக்‌ஷன் உலையில் உருக்கி, கிரீன் சாண்ட் (களிமண்ணும் ஈரமும் கலந்த மணல்) அச்சுகளில் வார்க்கிறோம். லேடிலில் (உருகிய இரும்பை ஏந்தும் கலத்தில்) இனாகுலேஷனுக்கு, அதாவது இரும்பு இறுகும்போது கார்பன் கிராஃபைட்டாகப் பிரியத் தூண்டுவதற்கு, 75 சதவீத சிலிக்கான் கொண்ட ஃபெரோசிலிக்கான் என்ற இரும்பு-சிலிக்கான் கலவையையே நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறோம். பூட்டானிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு தடைப்பட்டதால் உள்ளூர் வணிகர் ஒருவரிடம் வேறு சரக்கு வாங்கினோம்; அதற்குப் பிறகே இக்குறை தோன்றியது.

மணலின் ஈரப்பதத்தைக் குறைத்தோம், லேடில்களை நன்கு சூடேற்றினோம், வார்க்கும் வெப்பநிலையையும் உயர்த்திப் பார்த்தோம். துளைகள் சற்றுக் குறைந்தனவே தவிர மறையவில்லை. கையிருப்பில் எஞ்சியிருந்த பழைய சரக்கைப் போட்டு வார்த்தவை மட்டும் சுத்தமாக வந்தன. புதிய சரக்கின் சான்றிதழில் சிலிக்கான் அளவு சரியாக உள்ளது, ஆனால் அலுமினியம் குறிப்பிடப்படவே இல்லை. வெளி ஆய்வகத்தில் சோதித்தபோது அது 2 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உருகிய இரும்பிலுள்ள அலுமினியம் அச்சின் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுவதே காரணம் என்று உறுதியாகக் கருதுகிறேன். அலுமினியமும் கால்சியமும் மிகக் குறைந்த தூய ரகத்தை வாங்கினால் இனாகுலேஷன் வலுவிழந்து, மெல்லிய விளிம்புகள் கடினமான, எளிதில் உடையும் வெள்ளை இரும்பாக இறுகிவிடும் என்பதால் அந்த வழியில் செல்லத் தயங்குகிறேன்.

இத்தகைய மெல்லிய வார்ப்புகளுக்கான கொள்முதல் ஆணையில் அலுமினியத்துக்கு நீங்கள் எழுதும் குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகள் எவை?